சோலைமந்தி ஏறும் மரம், ஏறாத மரம்: கவனித்துப் பதிவு செய்யும் முறை

வால்பாறைப் பக்கத்துத் துண்டுக்காடு ஒன்றில் நான் முதன்முதலாகச் சோலைமந்திக் கூட்டத்தைப் பின்தொடர்ந்த பருவத்தில், நான்கு மாதம் உழைத்து நிரப்பிய குறிப்பேடு ஏறத்தாழப் பயனற்றுப் போயிற்று. மந்திகள் ஏறிய ஒவ்வொரு மரத்தின் பெயரையும் நேரத்தையும் ஒழுங்காகவே எழுதியிருந்தேன். பட்டியலில் வெடிப்பலா எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நின்றது. அதைத்தான் அவை விரும்புகின்றன என்று பெருமையாகச் சொன்னபோது, உடன் வந்த காடர் பழங்குடிப் பெரியவர், "இந்தக் காட்டுல பாதி மரம் அதுதானே சார், வேற எதுல போய் ஏறும்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அக்காட்டில் எத்தனை வெடிப்பலா நிற்கிறது, மற்ற மரங்கள் எத்தனை என்பதை நான் எண்ணவே இல்லை.

ஒரு மரத்தில் குரங்கு இருந்தது என்பது ஒரு செய்தி. அம்மரத்தை அது தேர்ந்துகொண்டது என்பது வேறொரு செய்தி. முதலாவதற்குக் கண்ணும் கடிகாரமும் போதும். இரண்டாவதற்கு, அதே நேரத்தில், எட்டும் தொலைவிலேயே இருந்தும் அது ஏறாமல் கடந்துபோன மரங்களையும் எழுதி வைத்திருக்க வேண்டும். பின்வரும் முறை அந்த இரண்டாவது வேலைக்கானது. ஆனைமலை, களக்காடு முண்டந்துறை ஆகிய மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காடுகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வன உயிரியல் மாணவர்களுக்கும், வேட்டைத்தடுப்புக் காவலர்களுக்கும், தேயிலைத் தோட்டப் பகுதியில் குடியிருந்துகொண்டு ஆண்டு முழுவதும் ஒரே காட்டைப் பார்க்கும் வாய்ப்புள்ளவர்களுக்கும் இது பயன்படும்.

எந்தக் குரங்கு என்பது முதல் கேள்வி

மழைக்காட்டில் ஒரே மரத்தில் இரண்டு கறுப்புக் குரங்குகளைக் காண நேரிடும். முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரியும், நுனியில் சிறு குஞ்சமுள்ள வாலும் உடையது சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்று பலரும் அறிந்தது அதுவே. உடல் கறுத்து, தலை மட்டும் பழுப்புப் பொன்னிறமாக, நீண்ட வாலைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பது கருமந்தி. நீலகிரி லங்கூர் என்றும் அதைச் சொல்வர். பழந்தமிழில் கடுவன் ஆண், மந்தி பெண். இன்று இந்த இரு பெயர்களிலும் மந்தி என்னும் சொல் இருபாலுக்கும் பொதுவாகிவிட்டதால், குறிப்பேட்டில் ஆண், பெண், குட்டி என்று தனித்தனியே எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டு குரங்குகளின் பதிவையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் பிறகு எதையும் பிரித்தெடுக்க முடியாது, ஏனென்றால் இரண்டின் வயிறும் வேறு. கருமந்தியின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது; அங்கு வாழும் நுண்ணுயிரிகள் இலையின் நாரை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றித் தருவதால், இலையை முதன்மை உணவாகக் கொண்டு அதனால் வாழ முடிகிறது. அதற்காக எல்லா இலையும் அதற்கு உணவாகிவிடுவதில்லை. புரதம் மிகுந்து நார் குறைந்த தளிரை அது நாடும். நாரும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் மிகுந்த முற்றிய இலையை ஒதுக்கும். இன்றைய களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த காக்காச்சியில் நடந்து 1980-இல் வெளியான ஆய்வு ஒன்று, அக்காட்டில் மிகுதியாக நின்ற மரங்களின் முற்றிய இலைகளைக் கருமந்தி பெரும்பாலும் தொடவில்லை என்பதையும், அவ்விலைகளில் நாரும் டானினும் மிகுந்திருந்தன என்பதையும் சேர்த்துக் காட்டியது. சுற்றிலும் பச்சைப்பசேல் என்றிருக்கும் காட்டில் நமக்கு உணவாகத் தோன்றுவதில் பெரும்பகுதி அதற்கு உணவே அல்ல.

சோலைமந்தியின் வயிறு எளியது. பழம், பூ, விதை, பூச்சி ஆகியவையே அதன் உணவு. கன்னத்தின் உட்புறத்தில் பைகளும் உண்டு. இந்தக் கன்னப் பை பதிவு முறையையே மாற்றிவிடும் என்பதைப் பிறகு சொல்கிறேன். இனி இக்கட்டுரையில் பெரும்பாலும் சோலைமந்தியைப் பற்றியே பேசுவேன். கருமந்திக்கு மாறும் இடங்களைச் சுட்டுவேன்.

நுழையும் முன்

சோலைமந்தி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவர்கள் பொதுச் சாலையிலிருந்தும் தோட்டத்தின் விளிம்பிலிருந்தும் பார்த்தே நிறைய எழுதலாம். தனியாக உள்ளே போக வேண்டாம். யானையின் வழியை அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். உண்ணி கடித்த சில நாள்களில் காய்ச்சல் வந்தால் காட்டுக்குள் சென்றதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியே பரவும் நோய். சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் குரங்குகளுக்கு அருகில் போகாதீர்கள், நம் நோயும் அவற்றுக்குத் தொற்றும். உணவு எதையும் காட்டவோ கொடுக்கவோ கூடாது. ஒருமுறை கைநீட்டிய பிறகு அந்தக் கூட்டம் எந்த மரத்தைத் தேர்கிறது என்று நீங்கள் எழுதும் எதற்கும் பொருள் இருக்காது.

கையில் ஒரு பைனாகுலர், அளவு நாடா, திசைகாட்டி, நொடிமுள் உள்ள கைக்கடிகாரம், பென்சில், குறிப்பேடு ஆகியவை இருந்தால் போதும். பேனா வேண்டாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மி.மீ. மழை பெய்யும் மலையில் மையெழுத்து ஒரே மாலையில் கரைந்துவிடும்.

முதல் மாதம் குரங்கைப் பார்க்காதீர்கள்

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் முதல் மாதம் மரங்களுக்கே உரியது. நீங்கள் கவனிக்கப்போகும் பரப்பில் 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள பட்டைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்குள் நிற்கும், சுற்றளவு 30 செ.மீ. அல்லது அதற்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்தையும் அளந்து எழுதுங்கள். அளக்க வேண்டிய உயரம் மார்பளவு, அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டர், பலகை வேர் அதற்கு மேலும் ஏறியிருந்தால் வேர் முடியும் இடத்துக்கு மேலே அளந்து, அவ்வாறு அளந்ததைக் குறிப்பிடுங்கள். பட்டைகளை நடைபாதை ஓரமாகவே போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடங்கொடுத்தால் உங்கள் கணக்கு காட்டின் கணக்காக அமையாது, பாதையோரத்தின் கணக்காகவே முடியும். வெளிச்சத்தை விரும்பும் மரங்கள் அதில் மிகைப்படும்.

மரத்தின் பெயரை அங்குள்ளவர்கள் வழங்கும் பெயராலேயே எழுதுங்கள்: வெடிப்பலா, காட்டிலுப்பை, நாங்கு, அத்தி, இச்சி, நாவல், பலா. ஆனால் ஒரே பெயர் இரு மலைகளில் இரு வேறு மரங்களுக்கு வழங்குவதுண்டு. ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இனத்துக்கு ஒரு முறையாவது இலை, பட்டை, பூ அல்லது காயைப் படமெடுத்து வையுங்கள். பெயர் பிழையானால் பிறகு திருத்திக்கொள்ளலாம். எண் பிழையானால் திருத்த வழியில்லை. தோட்டத்தை ஒட்டிய துண்டுக்காடாக இருந்தால் அயல் மரங்களையும் விடாமல் எழுதுங்கள். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீசாப்சிஸ் போன்றவற்றைக் காட்டு மரம் அல்ல என்று ஒதுக்குவது நம் விருப்பம். வால்பாறையில் மீசாப்சிஸின் பழத்தைச் சோலைமந்தி உண்கிறது.

எண்ணிய மரங்களுள் ஒவ்வோர் இனத்துக்கும் 10 மரங்களையாவது தேர்ந்து, மாதந்தோறும் ஒரே தேதியை ஒட்டிச் சென்று அவற்றில் தளிர், பூ, காய், கனி எவ்வளவு இருக்கிறது என்று 0 முதல் 4 வரை மதிப்பிடுங்கள். 0 என்றால் இல்லை. 4 என்றால் கிளைகள் முழுதும் நிறைந்திருக்கிறது. இது அலுப்பூட்டும் வேலை, கழுத்து வலிக்கும். ஆயினும் ஒரு மரத்தைக் குரங்கு விட்டுவிட்டுப் போனதற்கு அம்மரத்தின் இனம் காரணமா, அன்று அதில் ஒன்றும் இல்லாதது காரணமா என்பதைப் பிரித்துக் காட்டும் பதிவு இது ஒன்றுதான்.

உண்ணும் மரம்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெடிப்பலாவின் அடியில் ஒரு காலை முழுவதும் அமர்ந்து பாருங்கள். பூக்கள் நுனிக்கொம்பில் அல்லாமல் கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். இதழ் என்று ஒன்று கிடையாது, குழல் போன்ற சதைப்பற்றுள்ள புல்லிவட்டம்தான் பூ. மந்தி கிளையில் குந்தி, ஒரு கையால் மேற்கொம்பைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பூவைப் பறித்து, சதைப்பகுதியைக் கடித்துத் தின்றுவிட்டு எஞ்சியதைக் கீழே விடும். அரைமணி நேரத்தில் மரத்தடி முழுவதும் வெளிர் பழுப்புக் குழல்கள் உதிர்ந்து பரந்துவிடும். வேறு மரங்களில் கனி குறைந்திருக்கும் பருவத்தில் இப்பூ கிடைப்பதால் கருமந்தி, மலை அணில், வௌவால் எனப் பலவும் இதே மரத்துக்கு வருகின்றன. பிறகு இதே மரத்தில் பலாவைச் சிறிதாக்கியது போன்ற முள் உருண்டைகள் காய்க்கும். அவை முற்றி வெடிக்கும்வரை சோலைமந்தி காத்திருப்பதில்லை, முள்ளைப் பொருட்படுத்தாமல் பிளந்து விதையை எடுத்துவிடுகிறது. ஒரே மரம் ஆண்டில் இருமுறை, இரு வேறு காரணங்களுக்காகத் தேர்வு பெறுகிறது. எனவே இனத்தின் பெயரோடு உண்ட பகுதியையும் எழுதாத பதிவு அரைப் பதிவுதான்.

பதிவுக்கு இரண்டு முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஒன்று, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியும் எல்லாக் குரங்குகளையும் இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்து, ஒவ்வொன்றும் அந்த நொடியில் என்ன செய்கிறது, எம்மரத்தில் இருக்கிறது என்று எழுதுவது. மற்றொன்று, கூட்டம் ஒரு மரத்துக்குள் நுழைந்தது முதல் வெளியேறியது வரையுள்ளதை ஒரு வருகையாகக் கொண்டு அந்த வருகையின் முழு விவரத்தையும் எழுதுவது. முதல் முறை நேரப் பங்கீட்டைக் காட்டும். தேர்வை ஆராய இரண்டாவதே அடிப்படை. காரணம் எளிது. 18 குரங்குகள் ஓர் அத்தி மரத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் முதல் முறையில் 70-க்கும் மேற்பட்ட வரிகள் கிடைத்துவிடும், ஆனால் நடந்தது ஒரே ஒரு முடிவு. அந்த 70 வரிகளை 70 தேர்வுகள் என்று எண்ணினால் அத்திக்குக் கொடுக்க வேண்டியதைவிடப் பலமடங்கு மதிப்புக் கொடுத்தவர்களாவோம்.

ஒரு வருகையின் வரி இவ்வாறு இருக்கலாம்: காலை 7.40, மரம் எண் 63, வெடிப்பலா, சுற்றளவு 212 செ.மீ.; பூ மதிப்பு 3; கண்ணில் பட்டவை 11; வந்தது 58-ஆம் மரத்திலிருந்து கிளை வழியாக; இருந்தது 26 நிமிடம்; போனது 71-ஆம் மரத்துக்குத் தாவி; போகும்போது பூ இன்னும் பாதி இருந்தது. கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். உணவு தீர்ந்ததால் கிளம்பினவா, தீராமலே கிளம்பினவா என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. மலை அணில் துரத்தியிருக்கலாம், மேலே கழுகு வட்டமிட்டிருக்கலாம், இருவாச்சிகள் வந்து இறங்கியிருக்கலாம், அல்லது மரத்தடியில் நீங்கள் நின்றதே காரணமாக இருக்கலாம். என் பழைய குறிப்புகளில் காரணமில்லாத புறப்பாடு என்று எழுதப்பட்டவற்றில் பாதிக்கு நானே காரணம் என்று இப்போது ஐயுறுகிறேன். 20 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்பதும், கூட்டம் கிளம்பும் திசையை மறிக்காமல் இருப்பதும் பழக வேண்டியவை.

எல்லாவற்றிலும் அரிய பதிவு, சோதித்துவிட்டு விடுவது. ஒரு மந்தி மரத்துக்குள் வந்து, ஒரு கனியைப் பிடித்து அழுத்தி, மோந்து, ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். நேரம் குறைவு என்பதால் இதை எழுதாமல் விடுவதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் மறுப்பு என்பதை நேரே கண்ணால் காணக் கிடைப்பது இங்கு மட்டும்தான். அக்கனியைக் கீழே தேடி எடுத்து, நிறம், கடினம், உள்ளே புழு உண்டா என்பவற்றைப் பாருங்கள். இக்குரங்குகள் நம்மைப் போலவே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் கண்ணுடையவை. தொலைவில் நிறம், அருகில் கையும் மூக்கும், கடைசியில் பல் என்று படிப்படியாகவே தெரிவு நடக்கிறது. எந்தப் படியில் கைவிட்டது என்று எழுதுங்கள்.

அத்தி இனங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரே இனத்து மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் எங்கோ வேறொன்று பழுக்கத் தொடங்கும். பழுத்த மரத்தில் விளைச்சல் மிகப் பெரிது, சில நாள்களில் தீர்ந்தும்விடும். ஆகவே அத்தி மரத்துக்குக் கூட்டம் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேராக வந்தது என்பதைத் திசைகாட்டியால் குறியுங்கள். வழியில் உள்ள மரங்களில் நிற்காமல் நேரே வந்தால், அங்கு பழம் இருப்பதை அவை முன்பே அறிந்திருந்தன என்று கொள்ள இடமுண்டு. உகாண்டாவின் கிபாலே காட்டில் மங்கபே என்னும் குரங்குகளைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியான ஆய்வொன்றில், வெயில் மிகுந்த வெப்ப நாள்களைத் தொடர்ந்து அவை முன்பு பழம் கண்ட அத்தி மரங்களுக்குத் திரும்பிச் செல்வது கூடியது. வெப்பத்தில் பழம் விரைவில் கனியும் அல்லவா. அதைப் படித்த நாளிலிருந்து, அன்றைய வானிலையோடு முந்தைய மூன்று நாள் வானிலையையும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எழுதி வருகிறேன்.

இனி கன்னப் பைக்கு வருவோம். சோலைமந்தி ஒரு மரத்தில் அவசரமாகப் பறித்துக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு, பாதுகாப்பான வேறொரு மரத்துக்குப் போய் நிதானமாக மெல்லும். போட்டி மிகுந்த மரத்தில், அதிலும் கூட்டத்தில் தாழ்ந்த நிலையிலுள்ள பெண்களும் இளங்குரங்குகளும் இதை அடிக்கடி செய்வதைக் காணலாம். மெல்லும் வாயை மட்டும் பார்த்து எழுதினால் பழமே இல்லாத ஒரு மரம் உண்ணும் மரம் ஆகிவிடும். பறித்த மரம், மென்ற மரம் என இரண்டு கட்டங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மென்ற மரத்தின் அடியில் துப்பிய விதைகளையும் பொறுக்கி எண்ணலாம். தாய்மரத்திலிருந்து அவ்வளவு தொலைவு விதை பயணப்பட்டிருக்கிறது. கருமந்திக்குக் கன்னப் பை இல்லாததால் அதற்கு இந்தப் பிரிவு தேவைப்படாது.

பட்டுப்போன மரத்தில் மந்திகள் நெடுநேரம் இருந்தால் குழம்ப வேண்டாம். அவை பட்டையை உரித்து, பொந்தில் விரலை விட்டு, சுருண்ட இலையைப் பிரித்துப் பூச்சி தேடுகின்றன. பழத்துக்கும் பூச்சிக்கும் ஒரே பட்டியல் போட்டால் பட்ட மரத்தின் மதிப்பு யாருக்கும் தெரியாமல் போய், அதை வெட்டினால் ஒன்றும் கெடாது என்று எவராவது சொல்லிவிடக்கூடும்.

பகல் ஓய்வும் இரவு உறக்கமும்

இவ்விரண்டையும் ஓய்வு என்ற ஒரே தலைப்பில் எழுதுவது பரவலான பிழை. நண்பகலில் தேவைப்படுவது நிழல், காற்று, கூட்டமாக அமர்ந்து ஒன்றுக்கொன்று மயிரைக் கோதிக்கொள்ள வசதியான அகன்ற கிடைக்கிளை, எழுந்தவுடன் எட்டும் உணவு ஆகியவை. ஆகவே பகல் ஓய்வு மரம் பெரும்பாலும் கடைசியாக உண்ட மரத்துக்கு அடுத்ததாகவே இருக்கும். சில நேரம் அதுவே உண்ட மரமாகவும் இருக்கும். குளிர்ந்த காலையில் கருமந்திகள் வெயில் படும் உச்சிக்கிளையில் அமர்ந்து காய்வதையும் பார்க்கலாம். அதை ஓய்வு என்பதைவிட வெயில் காய்தல் என்றே தனியாக எழுதுவது சரி, அப்போது அவை தேடுவது நிழலுக்கு நேர்மாறானதை அல்லவா.

இரவு வேறு கணக்கு. சிறுத்தையும் மலைப்பாம்பும் உலவும் காட்டில் உறங்குவதற்கு உயரம் வேண்டும்; ஏறி வருவதைக் காட்டிக்கொடுக்கும்படி அடிமரம் கிளையின்றி நெடிதாக இருந்தால் நல்லது; உட்கார்ந்தபடியே உறங்குவதால் முதுகையோ பக்கத்தையோ சாய்த்துக்கொள்ளக் கவை வேண்டும்; ஆபத்து வந்தால் தப்பிப்போக அண்டை மரத்தோடு கிளைத் தொடர்பும் வேண்டும். கிளைத் தொடர்பு இருந்தால் பகைவனுக்கும் வழி திறக்கிறது என்பதால், கிளையற்ற அடிமரமும் கிளைத் தொடர்பும் ஒன்றோடொன்று இழுபடுபவை. ஒரு கூட்டம் இந்த இழுபறியை எவ்வாறு தீர்த்துக்கொள்கிறது என்பதை உங்கள் காட்டின் பதிவுகளே சொல்ல வேண்டும். எல்லாக் காட்டுக்கும் பொருந்தும் விடையை நான் எழுதினால் நம்பாதீர்கள்.

உறங்கும் மரத்தைக் காண, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கூட்டத்தோடு இருந்து, அசைவு முற்றிலும் அடங்கும்வரை நின்று, மறுநாள் இருள் பிரியும் முன் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். மாலையில் ஏறிய மரத்திலேயே விடியலில் இருந்தால் மட்டும் உறங்கும் மரம் என்று உறுதி செய்யுங்கள். இருட்டிய பின் இடம் மாறுவதுண்டு. யானை அச்சத்தால் மாலையில் நிற்க முடியாத இடங்களில் காலையில் மட்டும் போய், மரத்தடியில் புதிய எச்சம் திரண்டு கிடக்கிறதா என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் அதை ஊகம் என்றே எழுதுங்கள். கூட்டம் ஒரே மரத்தில் அடங்காமல் அருகருகே பல மரங்களில் பிரிந்து உறங்கினால் ஒவ்வொன்றையும் எழுதி, எதில் ஆண், எதில் குட்டியுடைய பெண்கள் என்று இயன்றவரை குறியுங்கள்.

பகலில் திரும்பிச் சென்று அந்த மரத்தை அளங்கள்: சுற்றளவு, மொத்த உயரம், முதல் கிளையின் உயரம், நான்கு திசைகளில் எத்தனையில் அண்டை மரத்தின் கிளை தொடுகிறது, அடிமரத்தில் கொடி சுற்றியிருக்கிறதா, மேட்டிலா சரிவிலா, மாலையில் கடைசியாக உண்ட மரத்துக்கு எவ்வளவு தொலைவு. கொடி என்ற கட்டத்தை நான் முதலில் வைக்கவே இல்லை. கொடி ஏணி போன்றது, குரங்குக்கும் அதைத் தேடி வருவதற்கும்.

ஏறாத மரத்தைத் தேர்வது எப்படி

உறங்கும் மரம் ஒன்றுக்கு, உறங்காத மரம் ஒன்றையும் அளக்க வேண்டும். அதை நீங்களே விரும்பித் தேர்ந்தால் உங்களை அறியாமலே சிறிய, சாய்ந்த மரத்தைத் தேர்ந்துவிடுவீர்கள், பிறகு குரங்குகள் பெரிய மரத்தை விரும்புகின்றன என்று முடிவும் எழுதுவீர்கள். கண்ணை மூடியபடி கடிகாரத்தைத் திருப்பி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். நொடிமுள் காட்டும் எண்ணை 6-ஆல் பெருக்கினால் திசையின் பாகை கிடைக்கும். நொடி 17 என்றால் 102 பாகை, அதாவது கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே. அத்திசையில் 30 மீட்டர் நடந்து, அங்கிருந்து மிக அருகில் நிற்கும், சுற்றளவு 100 செ.மீ.-க்கு மேலுள்ள மரத்தை ஒப்பீட்டு மரமாகக் கொள்ளுங்கள். மெல்லிய மரத்தில் ஒரு கூட்டம் உறங்க முடியாது என்பது யாவரும் அறிந்தது. அதைக் கண்டுபிடிக்க இத்தனை பாடு தேவையில்லை. உறங்கத் தகுந்த அளவுள்ள இரு மரங்களுள் ஏன் இது, ஏன் அது இல்லை என்பதே கேள்வி. பாகை காட்டிய இடம் பாறையாகவோ ஓடையாகவோ இருந்தால் மீண்டும் ஒருமுறை கடிகாரத்தைப் பாருங்கள்.

உண்ணும் மரங்களுக்கு முதல் மாதத்துக் கணக்கு கைகொடுக்கும். உங்கள் பட்டைகளில் 200 மரங்கள் இருந்து அவற்றுள் 80 வெடிப்பலாவாகவும் 4 அத்தியாகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை முறையே 40 விழுக்காடும் 2 விழுக்காடும் ஆகும். நீங்கள் எழுதிய 150 வருகைகளில் 60 வெடிப்பலாவுக்கும் 21 அத்திக்கும் என்றால் அவை முறையே 40 விழுக்காடும் 14 விழுக்காடும். வருகையின் பங்கை மரத்தின் பங்கால் வகுத்தால் வெடிப்பலாவுக்கு 1, அத்திக்கு 7. எண் 1 என்றால் காட்டில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே பயன்படுத்தின; 1-க்கு மேல் என்றால் தேடிச் சென்றன; கீழே என்றால் ஒதுக்கின. பட்டியலில் முதலிடம் பிடித்த வெடிப்பலாவை இக்குரங்குகள் குறிப்பாகத் தேடிப்போகவில்லை என்றும், பட்டியலின் நடுவில் கிடந்த அத்திக்காகவே மலையேறி வந்தன என்றும் இக்கணக்கில் தெரியவரும். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. ஆனால் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை தேடும் வழி இதுதான்.

மரங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் பருமனைக் கொண்டு பங்கிடுவது இன்னும் நேர்மையானது. ஒரு பெரிய அத்தி, பத்துச் சிறு மரங்களுக்கு ஈடான பழத்தைத் தரும். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, 12.57-ஆல் வகுத்தால் அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும், 200 செ.மீ. சுற்றளவுள்ள மரத்துக்கு அது ஏறத்தாழ 3,180 சதுர செ.மீ. இரண்டு வகையிலும் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கைக் கணக்கில் தேடிச் சென்றது போலத் தோன்றிய ஓர் இனம் பருமன் கணக்கில் 1-க்கு இறங்கிவிட்டால், குரங்குகள் அந்த இனத்தைத் தேடவில்லை, பெரிய மரத்தைத் தேடின என்று பொருள். இந்தக் கணக்கை மாதவாரியாகப் பிரித்துச் செய்யுங்கள். ஆண்டு முழுவதையும் ஒன்றாகப் போட்டால், மார்ச்சில் தேடிச் சென்ற மரமும் அக்டோபரில் ஏறெடுத்தும் பார்க்காத அதே மரமும் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்ளும்.

துண்டுக்காட்டில் எழுதுபவர்களுக்கு

மேலே சொன்னவை தொடர்ச்சியான காட்டுக்கு அப்படியே பொருந்தும். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரந்த வால்பாறை மேட்டுநிலத்தில் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் துண்டுக்காடுகளில் சற்று மாற்ற வேண்டும். புதுத்தோட்டம் போன்ற இடங்களில் சோலைமந்தி தரையில் இறங்கி நடக்கிறது, சாலையைக் கடக்கிறது, குடியிருப்புகளுக்கும் வருகிறது; சாலைக்கு மேலே அவற்றுக்கெனத் தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன. இங்கு ஒரு மரத்தை விட்டுவிட்டது என்பதற்கு, பிடிக்கவில்லை என்பதோடு, போக வழியில்லை என்பதும் காரணமாகலாம். எனவே ஒவ்வொரு வருகையிலும் எவ்வழியாக வந்தது என்ற கட்டம் கட்டாயம்: கிளை, தாவல், பாலம், தரை. தரை வழியாக மட்டுமே எட்டக்கூடிய மரத்துக்கு ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்த மரம் அவற்றுக்கு எவ்வளவு வேண்டியது என்பதை வகுத்தல் கணக்கு இல்லாமலே அறியலாம்; அந்த இடத்தின் எண்ணை வனத்துறையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கொடுத்து, அடுத்த பாலம் அங்கே வர வேண்டும் என்று கேளுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் விழும். நீங்கள் எண் கொடுத்த உறங்கும் மரம் ஒன்று சாய்ந்துவிட்டால் பட்டியலிலிருந்து அதை அடித்துவிடாமல், விழுந்த தேதியை எதிரே எழுதி, அளவுகளை அப்படியே வைத்திருங்கள். அன்று மாலையே கூட்டத்தோடு போய் நின்று, அந்த இரவு எந்த மரத்தில் ஏறியது என்று பாருங்கள். முன்பு கடிகாரத்தைத் திருப்பி நீங்கள் அளந்து வைத்த ஒப்பீட்டு மரங்களில் அது ஒன்றா என்பதையும் மறவாமல் சரிபாருங்கள்.